நடப்பதற்கு முன் நடந்த கூட்டம்

ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "சரித்திரம் வீடு எது?" என்று கேட்டால் தபால்காரர் முதல் தண்ணீர் லாரிக்காரர் வரை கை காட்டுவார்கள். நில அளவை அலுவலகத்தில் முப்பத்துமூன்று வருடம் சங்கிலியும் வரைபடமுமாகக் கழித்துவிட்டு, ஓய்வு பெற்ற மறு வருடமே ஊரின் வரலாற்றை நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் எழுதிப் புத்தகமாகப் போட்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். மனிதருக்கும் அதில் வருத்தம் இல்லை. தெருவில் யாராவது "என்ன சரித்திரம், சௌக்கியமா?" என்றால், ஊரே தன்னிடம் நலம் விசாரிப்பதுபோல் நிமிர்ந்து நிற்பார்.

அந்தப் புத்தகத்தில் அடிக்குறிப்புகள் மட்டும் அறுநூற்றுச் சொச்சம். தனக்கு முன்னால் ஊரைப் பற்றி எழுதியவர்களை அந்தப் பொடி எழுத்தில்தான் வைத்து வாங்கியிருந்தார். 'இதற்குச் சான்று இல்லை.' 'இவர் நேரில் பார்த்ததாகத் தெரியவில்லை.' 'கேள்விப்பட்டதைக் கண்டதுபோல் எழுதும் பழக்கம் வருந்தத்தக்கது.' திட்டு வாங்கியவர்கள் எல்லோரும் இறந்துபோனவர்கள் என்பதால் மறுப்பு எதுவும் வரவில்லை.

புத்தகம் முடிந்த கையோடு மடலைத் தொடங்கினார். மாதம் ஒன்று, நாலு பக்கம், இருநூற்றுப் பதினான்கு வாசகர்கள். யார் என்ன எழுதிக்கொண்டிருக்கிறார்கள், நூலகத்துக்குப் புதிதாக என்ன வந்திருக்கிறது, எந்தப் பழைய புத்தகக் கடை இடம் மாறுகிறது, எந்தக் கவிஞருக்கு முழங்காலில் அறுவை என்று, இலக்கிய உலகத்தில் ஓர் இலை அசைந்தாலும் மடலில் வந்துவிடும். எல்லோரும் முதலில் திருப்புவது கடைசிப் பக்கத்தைத்தான். அங்கேதான் கூட்டச் செய்தி. மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை நூலக மாடியில் ஒரு புத்தகக் கூட்டம் நடக்கும். செவ்வாய்க்கிழமை காலை அதன் முழு விவரமும் அச்சில் வாசலில் கிடக்கும். யார் என்ன பேசினார்கள், எந்த இடத்தில் கை தட்டினார்கள், நன்றி சொல்ல வந்தவருக்கு எங்கே தொண்டை அடைத்தது, ஒன்று விடாமல் இருக்கும். "இந்த வயசுல இந்த வேகமா!" என்று வாசகர்கள் வாய் பிளந்தார்கள்.

வேகத்தின் ரகசியம் ரொம்பச் சின்னது. கூட்டச் செய்தியை அவர் புதன்கிழமையே எழுதிவிடுவார்.

அச்சகக்காரர் மடலை வியாழன், வெள்ளியில்தான் ஓட்டித் தருவார். அதற்குப் பிறகு அவருக்கு வேறு வேலை தலைக்கு மேல். கூட்டம் முடிந்து எழுதினால் மடல் பத்து நாள் தள்ளிப்போகும். ஆறிப்போன செய்தியை யார் படிப்பார்கள்? முதல் தடவை மனசு உறுத்தத்தான் செய்தது. அடக்கமாகப் 'பலர் வந்திருந்தனர்' என்று மட்டும் எழுதினார். வந்தவர்கள் பதினொரு பேர். பதினொன்று பலர்தானே என்று சமாதானம் செய்துகொண்டார். அடுத்த தடவை உறுத்தல் பாதியானது. மூன்றாம் வருடத்தில் 'அரங்கு நிரம்பி வழிந்தது' வந்து சேர்ந்தது, அதன் பிறகு போகவே இல்லை. கூட்டத்துக்கு வராதவர்களுக்கு நடந்தது தெரியாது. வந்தவர்களுக்கோ, தாங்கள் இருந்த கூட்டம் அவ்வளவு சிறப்பாக இருந்ததாகப் படிப்பதில் எந்த ஆட்சேபமும் இல்லை.

பொய் என்று அவர் அதை நினைத்ததே கிடையாது. கொஞ்சம் முந்திச் சொன்ன உண்மை, அவ்வளவுதான். கடவுள் இப்படிப்பட்ட சங்கதிகளைப் பார்க்காமல் விடுகிறார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவர் பார்த்துவிட்டுத்தான் கொஞ்சம் அவகாசம் தருகிறார். சரித்திரத்துக்கு ஒன்பது வருடம் தந்திருந்தார்.

ஆயாம்மா வந்தது ஒரு முற்பகலில். அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் முப்பத்தொரு வருடம் ஆயாவாக இருந்து, போன வருடம்தான் ஓய்வு பெற்றவர். தரை துடைத்த, துணி அலசிய, பிள்ளை குளிப்பாட்டிய கதைகளை நாலு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தார். அங்கே முன்பு வேலை பார்த்து இப்போது வெளியூரில் இருக்கும் ஒரு டாக்டரம்மா அதைப் படித்துவிட்டுத் தானே முன்னின்று புத்தகமாகப் போட்டுக் கொடுத்திருந்தார். புத்தகத்தின் பெயர் 'ஈரத் தரை'. முதல் சனிக்கிழமை வெளியீடு என்று போன மாத மடலிலேயே அறிவிப்பு வந்தாயிற்று.

"உக்காருங்கம்மா."

"பரவாயில்லைங்க ஐயா, நின்னே பழகிப்போச்சு."

"நீங்க நின்னா உள்ளேருந்து எனக்குத் திட்டு விழும். உக்காருங்க."

ஆயாம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். உள்ளே இருந்து தேநீர் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "கூட்டத்துக்கு ஆளுங்க நிறைய வருவாங்களாங்க ஐயா?"

"அந்தக் கவலையை விடுங்க. நம்ம கூட்டம்னா மாடிப்படி தாங்காது."

"இல்ல, ஒருத்தங்களுக்காகக் கேக்கறேன். பஸ் ஸ்டாண்டு எதிர்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்காங்களே, அந்தம்மா."

சரித்திரம் தலையாட்டினார். அந்தக் கடைக்கார அம்மாளும் மடல் வாசகர்தான்.

"நோட்டை ஜெராக்ஸ் எடுக்கக் குடுத்தேன். மடமடன்னு எடுத்துக்கிட்டே வந்தவங்க ஒரு பக்கத்துல நின்னுட்டாங்க. மெஷின் மூடியைத் திறந்து பிடிச்சபடி அப்படியே நிக்கறாங்க. 'இது எந்த வருஷம்?'னு கேட்டாங்க. சொன்னேன். 'அந்தப் பொண்ணு நான்தான்'னாங்க." ஆயாம்மா தேநீரைக் கீழே வைத்தார். "அவங்க குழந்தை தங்கலைங்க. பொறக்கும்போதே உயிர் இல்ல. தாய்க்குக் காட்டக் கூடாதுன்னு அப்ப ஒரு வழக்கம். 'யாரு மாதிரி இருந்துச்சு?'ன்னு என் கையைப் பிடிச்சுக் கேட்டா. 'நான் பாக்கலம்மா'ன்னுட்டேன். பாத்தேங்க ஐயா. நான்தான் குளிப்பாட்டினேன். ரெண்டு மணி நேரம் என் மடியிலதான் இருந்துச்சு. இருபத்திரண்டு வருஷமா அந்த ஒரு வார்த்தை தொண்டையிலயே நிக்குது. அதைத்தான் எழுதியிருக்கேன்."

"அடடா" என்றார் சரித்திரம். கையில் இருந்த பென்சில் தன் போக்கில் குறிப்பேட்டில் 'கண்கள் பனித்தன' என்று எழுதியது.

"அந்தப் பக்கத்தை அவங்க படிக்கல. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுதான் ஜெராக்ஸ் எடுத்தாங்க. 'தனியாப் படிக்க எனக்குத் தைரியம் இல்ல. கூட்டத்துல நீங்க படிங்க, நான் கூட்டத்தோட கூட்டமா உக்காந்து கேட்டுக்கறேன். சுத்தி நாலு பேர் இருந்தா நிமிந்து உக்காந்திருப்பேன்'னாங்க. கடை காலண்டர்ல அந்தத் தேதியைச் சுழிச்சுக்கூட வச்சிட்டாங்க. அதான் கேக்கறேன், ஆளுங்க வருவாங்கல்ல?"

"வருவாங்க, வருவாங்க. எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார் சரித்திரம். சொன்னபோது மனசாரத்தான் சொன்னார். ஆனால் அவர் மனசு அதற்குள் சனிக்கிழமையைத் தாண்டிச் செவ்வாய்க்கிழமைக்குப் போய்விட்டிருந்தது.

புதன்கிழமை உட்கார்ந்து எழுதினார். 'அரங்கு நிரம்பி வழிந்தது. இடமின்றிப் பலர் படிக்கட்டில் நின்று கேட்டனர். தலைமை தாங்கிய பேராசிரியர் நாற்பது நிமிடம் ஆழ்ந்த உரை நிகழ்த்தினார். நூலாசிரியை தம் வார்டு அனுபவங்களை நகைச்சுவை ததும்ப வாசிக்க, அரங்கமே சிரிப்பில் அதிர்ந்தது.' புத்தகத்தை அவர் இருபத்தைந்து பக்கம்தான் படித்திருந்தார். அதில் பால் திருடும் பூனையும் அதைத் துரத்தும் டாக்டரும் வந்தார்கள், சிரிப்பாகத்தான் இருந்தது.

அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பது மனைவியின் வேலை. அந்த அம்மாள் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு கேட்டார். "ஏங்க, சிரிச்சாங்கன்னு போட்டிருக்கீங்க. அந்தம்மா சொன்னதைக் கேட்டு எனக்கு அடுப்படியில கண்ணு தளும்பிடுச்சு. இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"கூட்டம்னா அழுகையும் இருக்கும், சிரிப்பும் இருக்கும்."

"அப்ப அழுததையும் போடுங்க."

"இடமில்லம்மா. பக்கம் முடிஞ்சிடுச்சு."

"வர்ற சனிக்கிழமை யாரு அழணும், யாரு சிரிக்கணும்னு முடிவு பண்ண நீங்க யாருங்க?" என்றார் மனைவி. கேட்டுவிட்டு, இரண்டு ஒற்றுப்பிழையைத் திருத்திக் கொடுத்துவிட்டார். ஒன்பது வருடத்துப் பழக்கம் அவரையும் பிடித்திருந்தது.

அந்த மாதம் அச்சகக்காரருக்கு ஒரு அவசரம். அம்மாவுக்குக் கண் அறுவை, வெள்ளிக்கிழமை வெளியூர் போக வேண்டும். அதனால் புதன் மாலையே மடலை ஓட்டி முடித்துவிட்டார். முடித்தவர் சும்மா இருந்திருக்கலாம். பாவம், சரித்திரம் வயதானவர், இத்தனை மடலையும் தூக்கிக்கொண்டு தபால் நிலையத்துப் படி ஏறுவாரே என்று இரக்கப்பட்டார். வெள்ளிக்கிழமை காலை தானே விலாசம் ஒட்டி, தபால்தலை ஒட்டி, இருநூற்றுப் பதினான்கையும் தபாலில் சேர்த்துவிட்டு ஊருக்குப் போனார். நல்ல மனிதர். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, செய்த உதவியைச் சொல்லிக் காட்டக் கூடாது என்பது அவர் கொள்கை.

மடல் வழக்கம்போல் திங்கட்கிழமை போகும் என்று சரித்திரம் நிம்மதியாக இருந்தார்.

சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு நூலக மாடியில் அறுபது நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஒலிபெருக்கி இருந்தது, மேசையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. கஞ்சி போட்ட பருத்திப் புடவையில் ஆயாம்மா இருந்தார். அவருடைய தம்பியும் தம்பி மனைவியும் இருந்தார்கள். சரித்திரமும் மனைவியும் இருந்தார்கள். நூலகர் வாசலில் நின்றார். நாலேகால் ஆயிற்று. நாலரை ஆயிற்று. அறைக்குள் மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. பேராசிரியரையே காணோம்.

சரித்திரம் படிக்கட்டுக்கு வந்து கைப்பேசியில் அவரைக் கூப்பிட்டார்.

"அடடே, சரித்திரமா! நானே கூப்பிடணும்னு இருந்தேன். ரொம்ப நன்றி. காலையில படிச்சேன்."

"என்னத்தைங்க ஐயா?"

"மடலைத்தான். நாற்பது நிமிஷம் ஆழமாப் பேசியிருக்கேனாமே! எனக்குச் சுத்தமா ஞாபகமே இல்ல, பாத்துக்குங்க. இன்னைக்கு மாலைதான் கூட்டம்னு நினைச்சுக்கிட்டுக் காலையில குறிப்பு எடுக்க உக்காந்தேன், மடல் வந்துச்சு. பையன் ரெண்டு மாசமாச் சொல்லிட்டிருக்கான், அப்பா உங்களுக்கு மறதி அதிகமாயிடுச்சுன்னு. நான்தான் ஒத்துக்கல. இன்னைக்கு ஒத்துக்கிட்டேன். திங்கக்கிழமை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறான்."

சரித்திரம் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நூலகர் கீழே போய் நூலகத்துக்கு வந்த மடலை எடுத்து வந்து நீட்டினார். "காலைத் தபால்லயே வந்துடுச்சுங்க. நீங்க எப்பவும் முந்தி எழுதறதுதானேன்னு விட்டுட்டேன்."

"உனக்குத் தெரியுமா?"

"ஒன்பது வருஷமா நாற்காலி போடறது நான், எடுத்து அடுக்கறதும் நான். எது நிரம்பிச்சு, எது வழிஞ்சுதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

விஷயம் விளங்கிவிட்டது. ஊரில் கூட்டத்துக்குக் கிளம்பத் தயாராக இருந்தவர்கள் எல்லோரும் காலையில் மடலைப் பிரித்து, கூட்டம் அமோகமாக நடந்து முடிந்த செய்தியைப் படித்திருக்கிறார்கள். 'நாம்தான் தேதியைத் தப்பாக நினைத்துவிட்டோம் போல' என்று தங்களையே நொந்துகொண்டு, சட்டையைத் திரும்பவும் ஆணியில் மாட்டியிருக்கிறார்கள். அச்சில் வந்த பிறகு காலண்டரை யார் நம்புவார்கள்?

உள்ளே போனார். ஆயாம்மா படிக்க வேண்டிய பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதோ தேதிக் குழப்பம் போல இருக்கும்மா" என்றார் சரித்திரம். அதுவும் ஒருவகையில் உண்மைதான். அவருக்கு அந்த வகை கைவந்த கலை.

"ஆயா எழுதின புத்தகத்துக்கு யாருங்க வருவாங்க?" என்று ஆயாம்மா சிரித்தார். "அத விடுங்க ஐயா. அந்தம்மா ஒருத்தங்க வந்திருந்தாப் போதும்." விரலை எடுத்துப் புத்தகத்தை மூடினார். தம்பியோடு சேர்ந்து நாற்காலிகளை அடுக்க நூலகருக்குக் கை கொடுத்துவிட்டுத்தான் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சரித்திரம் செய்த முதல் காரியம் பேராசிரியரைக் கூப்பிட்டதுதான். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். உங்களுக்கு மறதி இல்லை, நீங்கள் பேசவே இல்லை என்றார். "பேசவே இல்லையா?" என்றார் பேராசிரியர். மறதி இல்லாத சந்தோஷத்தைவிட, அந்த நாற்பது நிமிடம் கைவிட்டுப் போன வருத்தம்தான் குரலில் அதிகமாக இருந்தது. "பையன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டான்."

இத்தோடு முடிந்தது என்று பார்த்தால், தெருவில் இறங்கிய பிறகுதான் ஆரம்பித்தது. மருந்துக்கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"கூட்டம் அருமை, சரித்திரம்! எனக்கு உள்ள இடமே கிடைக்கல. படிக்கட்டுலதான் நின்னேன்."

"எந்தப் படிக்கட்டுல?"

"அதாங்க, நீங்க எழுதியிருந்தீங்களே, அதுலதான்."

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் இன்னும் ஒரு படி மேலே போனார். "அந்தம்மா அந்தப் பூனை கதையைப் படிச்சப்போ சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிச்சுப்போச்சு." அவர் புத்தகத்தை வாங்கிப் படித்திருக்கிறார் என்பது மட்டும் அதில் நிஜம். திங்கட்கிழமை மதியத்துக்குள் அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்த பதின்மூன்று பேரைச் சரித்திரம் சந்தித்துவிட்டார். அவர் நடத்திய நிஜக் கூட்டங்கள் பலவற்றுக்கு அவ்வளவு பேர் வந்ததில்லை.

வீட்டுக்கு வந்து தன் புத்தகத்தை எடுத்தார். எழுபது வருடத்துக்கு முன் ஊரில் நடந்த பெரிய இலக்கிய மாநாடு பற்றி ஒரு முழு அத்தியாயம் இருந்தது. 'நாலாயிரம் பேர் திரண்டனர்.' சான்று: அந்த வாரத்துப் பத்திரிகை. நேரில் போனதாகச் சொன்ன முதியவர்கள் மூன்று பேர். அந்தப் பத்திரிகை எந்தக் கிழமை அச்சுக்குப் போயிருக்கும் என்று ஒரு யோசனை வந்தது. புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தார்.

அப்போதுதான் ஆயாம்மா வாசலில் வந்து நின்றார். இந்தத் தடவை உட்காரச் சொல்லக் காத்திருக்கவில்லை, தானாகவே உட்கார்ந்தார்.

"கடைக்குப் போயிருந்தேங்க ஐயா. புத்தகத்தைக் கையில குடுத்துடலாம்னு. அவங்க பேசவே இல்ல. மடலை எடுத்துப் போட்டு, ஒரு வரியில விரலை வச்சாங்க. 'எல்லாரும் சிரிச்சீங்களாமே'ன்னாங்க."

சரித்திரம் மேசையில் கிடந்த மடலை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

"'எனக்குச் சொல்லாம முன்னாடியே நடத்திட்டாங்க, என் பிள்ளை கதையைப் படிச்சு ஊரே சிரிச்சிருக்கு'ன்னு அவங்க நினைச்சுட்டாங்க. 'கூட்டமே நடக்கலம்மா'ன்னேன். 'அன்னைக்கும் நீங்க பாக்கலன்னுதான் சொன்னீங்க'ன்னாங்க. அதுக்கு மேல நான் என்ன சொல்றது? என் வார்த்தைக்கு அவங்ககிட்ட மதிப்பு இல்ல. இல்லாமப் பண்ணிக்கிட்டது நானேதான்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க நல்லதை நினைச்சுத்தான் எழுதியிருப்பீங்க. ஆனா ஐயா, நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா அவங்க கேப்பாங்க."

ஒரே ஒரு தடவை, அதுவும் வார்டு வழக்கத்துக்காக, ஒரு பொய் சொன்ன பெண் இருபத்திரண்டு வருடம் அதைச் சுமந்திருக்கிறாள். மாதத்துக்கு ஒன்றாகச் சொன்னவர் ஒன்பது வருடமும் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். சரித்திரத்துக்கு இது உறைத்தது. ஆனால் உறைத்ததும் அவர் செய்தது, பென்சிலைத் தேடியது.

"அடுத்த மடல்ல முதல் பக்கத்துலயே மறுப்புப் போட்டுடறேம்மா. பெரிய எழுத்துல."

"அடுத்த மாசம் வரைக்கும் அந்தப் பொண்ணு இப்படியே வெந்துக்கிட்டு இருக்கணுமாக்கும்?" என்று உள்ளே இருந்து குரல் வந்தது. மனைவி வாசலுக்கு வந்து, அவருடைய செருப்பைத் திருப்பிப் போட்டு வைத்தார். "எழுத ஒண்ணும் வேணாம். போய்ச் சொல்லிட்டு வாங்க."

ஜெராக்ஸ் கடை ஒரு ஷட்டர் அகலம். இரண்டு இயந்திரம், லேமினேஷன் பெட்டி ஒன்று, சுவரை ஒட்டி ஒரு முக்காலி. சூடான காகித வாசனை. கடைக்கார அம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஆயாம்மாவைப் பார்த்ததும் முகத்தைத் தாழ்த்திக்கொண்டு இயந்திரத்தையே பார்த்தார். அங்கே ஏற்கெனவே ஒருவர் நின்றிருந்தார், கடை உரிமத்தைப் பிரதி எடுக்க வந்த மருந்துக்கடைக்காரர்.

"அம்மா, நான்தான் மடல் எழுதறவன்" என்றார் சரித்திரம்.

"எத்தனை காப்பி?"

"காப்பி எடுக்க வரல. அந்தக் கூட்டச் செய்தி பொய்மா. அது நடக்கவே இல்ல. கூட்டத்துக்கு முன்னாடியே நானா எழுதி வச்சது. சனிக்கிழமை அறுபது நாற்காலி போட்டு ஆறு பேர் நின்னோம். யாரும் எதையும் படிக்கல, யாரும் சிரிக்கல."

கடைக்கார அம்மாள் நிமிரவில்லை. ஆனால் கை நின்றது.

"என்ன சரித்திரம் இப்படிச் சொல்றீங்க?" என்று மருந்துக்கடைக்காரர் குறுக்கே வந்தார். "நான் போயிருந்தேனே! படிக்கட்டுல நின்னேனே!"

தான் எழுதிய வரிக்கு ஒரு நேரடி சாட்சி கிடைத்துவிட்டது. அறுநூறு அடிக்குறிப்புப் போட்ட மனிதருக்கு அதை எப்படி மறுப்பது என்று தெரியவில்லை. "நீங்க நிக்கலைங்க" என்றார் கெஞ்சலாக. "தயவு செஞ்சு சொல்றேன். யாருமே நிக்கல."

"பாத்தீங்களா?" என்றார் கடைக்கார அம்மாள், ஆயாம்மாவிடம். "ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்து, என்னைச் சமாதானம் பண்ணப் பாக்கறீங்க."

ஆயாம்மா புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றார். மருந்துக்கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். கடைக்கார அம்மாளின் முகத்தைப் பார்த்தார். இங்கே ஏதோ தனக்குத் தெரியாத பெரிய விஷயம் இருக்கிறது என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். காது மடல் சிவக்க, உரிமத்தைச் சுருட்டிச் சுருட்டி விரித்தார்.

"இல்லம்மா" என்றார் கடைசியில். "நான் போகல. சனிக்கிழமை காலையில மடலைப் பாத்தேன். எல்லாரும் போயிருக்காங்க, நாம மட்டும் விட்டுட்டோமேன்னு வெக்கமா இருந்துச்சு. போனதாச் சொல்லிக்கிட்டேன். அவரு சொல்றதுதான் நிஜம்."

பெரிய தியாகங்களைப் பற்றி நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. நாலு பேர் முன்னால் தன் சின்ன அசட்டுப் பொய்யைத் தானே எடுத்துப் போட்ட ஒரு மருந்துக்கடைக்காரரைப் பற்றி யாரும் எழுதப் போவதில்லை. ஆனால் அந்தப் பெண்ணை அசைத்தது அதுதான். வரலாற்று ஆசிரியர் மன்னிப்புக் கேட்பதில் ஏதாவது உள்நோக்கம் இருக்கலாம். இந்த மனிதருக்கு இப்படி ஒரு பொய்யை ஒப்புக்கொள்வதால் என்ன லாபம்?

கடைக்கார அம்மாள் இரண்டு இயந்திரத்தையும் அணைத்தார். இரைச்சல் நின்ற பிறகுதான் அவ்வளவு நேரம் அது இருந்ததே தெரிந்தது. முக்காலியைத் துடைத்து நகர்த்திப் போட்டார்.

"வாங்க" என்றார் ஆயாம்மாவிடம். "சுத்தி ஆளுங்க வேணாம். நீங்க மட்டும் படிங்க." பிறகு ஆண்கள் இரண்டு பேரையும் பார்த்தார். அவர்களாகவே வெளியே வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்கள்.

நல்ல வியாபார நேரம். ஒரு நிமிடத்தில் ஒரு கல்லூரிப் பெண் கையில் படிவத்தோடு வந்தாள். "அங்கிள், கடை இல்லையா?"

மிஷின் ரிப்பேர் என்ற வார்த்தை சரித்திரத்தின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எவ்வளவு வசதியான வார்த்தை! விழுங்கினார். "உள்ள ஒருத்தங்க ஒருத்தங்களுக்குப் படிச்சுக் காட்டறாங்கம்மா. முடிஞ்சதும் திறப்பாங்க."

"எவ்வளவு நேரமாகும்?"

"தெரியலம்மா."

"அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும் அங்கிள்."

"அடுத்த தெருவுல ஒரு கடை இருக்கு, நான் கூட வர்றேன்" என்றார் மருந்துக்கடைக்காரர். அந்தப் பெண் உள்ளே குனிந்து பார்த்தாள். என்ன பார்த்தாளோ, "பரவாயில்ல, நிக்கறேன்" என்றாள். அதற்குப் பிறகு வந்தவர்களிடம் அவளே விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள்.

ஆயாம்மாவின் குரல் கேட்டது, வார்த்தைகள் கேட்கவில்லை. தரையைத் துடைப்பதுபோல் சீராக, ஒரே நிதானத்தில் போயிற்று. இடையில் நின்றது. கடைக்கார அம்மாள் ஏதோ கேட்டார். ஆயாம்மா பதில் சொன்னார், சின்னப் பதில். மறுபடி ஒரு கேள்வி. இதற்குப் பதில் நீளமாக வந்தது, புத்தகத்தைப் பார்த்துப் படிக்கிற குரலாக இல்லை. பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. சரித்திரம் கைகளைக் கட்டிக்கொண்டு சாலையைப் பார்த்து நின்றார். உள்ளே கண்ணீரா, ஆறுதலா, அவருக்குத் தெரியாது. தெரியாமல் நிற்பது அவருக்குப் புதிதாக இருந்தது.

ஷட்டர் ஓர் அடி உயர்ந்தது. கடைக்கார அம்மாள் முகம் கழுவியிருந்தார். கல்லூரிப் பெண்ணின் கையிலிருந்து படிவத்தை வாங்கிப் போய், ஒன்றும் கேட்காமல் இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்து அனுப்பினார். மற்றவர்களைப் பார்த்து, "நாளைக்கு வாங்க, இன்னைக்கு ஆகாது" என்றார்.

சரித்திரம் தயங்கி நின்றார். "ஆயாம்மாவை வீட்ல விட்டுட்டுப் போகலாம்னு..."

"அவங்க இருக்கட்டும்" என்றார் கடைக்கார அம்மாள். "நீங்க போங்க ஐயா." குரலில் கோபம் இல்லை. மன்னித்துவிட்டதாகவும் சொல்லவில்லை. ஷட்டர் திரும்ப இறங்கியது.

இரண்டு ஆண்களும் நடந்தார்கள். தெருமுனை வரை ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்ல ஒன்றும் இல்லாமல் இல்லை. வாயைத் திறந்தால் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிடுவோமோ என்று இருவருக்குமே பயமாக இருந்தது.